வீட்டு மின்சாதனங்களைப் பிரிக்கும் முன்: பாதுகாப்பாகப் பழுது பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மிக்ஸி, எல்.இ.டி பல்பு, இன்டக்‌ஷன் அடுப்பு, டிவி என்று எது பழுதானாலும் நாமே பிரித்துப் பார்த்துவிடலாமே என்ற ஆசை பலருக்கும் உண்டு. நல்ல ஆசைதான். ஒரு சின்ன கெப்பாசிட்டரை (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) மாற்றினால் ஓடிவிடும் பொருளைக் குப்பையில் போடுவது வீண். செய்து காட்ட வீடியோக்களும் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் அவற்றில் எந்தப் பாகம் போயிருக்கிறது, எதை மாற்ற வேண்டும் என்பதுதான் விரிவாக வருகிறது. கை வைக்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்பது “பவரை ஆஃப் பண்ணிக்கோங்க” என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குள் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

இதில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். அணைத்துவிட்டோம் என்பது நம் நினைப்பு. மீட்டரில் அளந்து பூஜ்யம் பார்த்த பிறகுதான் அது உண்மை.

எவ்வளவு கரண்ட் ஆபத்து?

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். உடலில் 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் லேசாகச் சுருக்கென்று தெரியும். 10 மில்லி ஆம்பியர் அளவில் கைத்தசை இறுகிவிடும், பிடித்த கம்பியை விட நினைத்தாலும் விட முடியாது. 30 மில்லி ஆம்பியரைத் தாண்டி சில நொடிகள் நீடித்தால் இதயத் துடிப்பே குலைந்துபோகலாம்.

காய்ந்த தோலுக்கு மின்தடை அதிகம். ஈரமான தோலுக்கு மிகக் குறைவு. கை கால் நனைந்திருக்கும்போது உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் வரை இறங்கிவிடும். அந்த நிலையில் 230 வோல்ட்டைத் தொட்டால் பாய்வது 230 மில்லி ஆம்பியர். சித்திரை வெயிலில் ஃபேன் ஓடாத அறையில் வியர்வை வழிய உட்கார்ந்து வேலை பார்ப்பதும் ஈரக்கையோடு வேலை பார்ப்பதும் ஒன்றுதான். போன தடவை தொட்டபோது ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியம் அதனால்தான் உதவாது. அன்றைக்குக் கை காய்ந்திருந்திருக்கும், காலில் செருப்பு இருந்திருக்கும்.

முதலில், இதைத் திறக்கலாமா?

சில சாதனங்களை வீட்டில் திறக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலாவது மைக்ரோவேவ் அவன். அதன் டிரான்ஸ்ஃபார்மர் 2,000 வோல்ட் அளவில் மின்சாரம் தருகிறது. அதைப் பக்கத்திலுள்ள கெப்பாசிட்டரும் டயோடும் சேர்ந்து 4,000 வோல்ட் வரை உயர்த்திக் கொடுக்கின்றன. வீட்டுச் சாதனங்களில் சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிலிருந்து இவ்வளவு அழுத்தமும் இவ்வளவு கரண்ட்டும் சேர்ந்து வருவது வேறெதிலும் இல்லை. தொட்டால் இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது. அதன் கெப்பாசிட்டருக்குள் சார்ஜை வடிக்க ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) வைத்திருப்பார்கள், ஆனால் அது போய்விட்டிருந்தால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கதவில் உள்ள சுவிட்சுகள் வேலை செய்யாதபடி வயரை நேராக இணைத்து ஓட்டிப் பார்ப்பது இன்னொரு பெரிய தவறு, கதவு திறந்த நிலையில் நுண்ணலை வெளியே வரும். சில மாடல்களின் மேக்னட்ரான் (நுண்ணலையை உருவாக்கும் பாகம்) பீங்கானில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும். அது உடைந்து தூளாகி மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும்.

அடுத்தது பழைய பிக்சர் டியூப் டிவி. கலர் டிவி என்றால் டியூபின் மேல் ரப்பர் மூடி போட்ட இடத்தில் 25,000 வோல்ட் அளவுக்கு இருக்கும், அணைத்த பிறகும் டியூப் அந்தச் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். டியூப் உள்ளே வெற்றிடம் என்பதால் கழுத்துப் பகுதியில் அடிபட்டால் கண்ணாடி சிதறும்.

ஏசியின் வெளி யூனிட், கீசரின் உள்பகுதி, மீட்டர் போர்டுக்கு முன்னால் இருக்கும் சர்வீஸ் வயர் ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள். மீட்டருக்கு முன்னால் உள்ளது மின்வாரியத்தின் வேலை. அங்கே அணைக்க நமக்கு ஒரு சுவிட்சும் கிடையாது.

ஃபிரிட்ஜைப் பொறுத்தவரை பின்புறம் கம்ப்ரஸரில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். ஆர்600ஏ என்று இருந்தால் அது ஐசோபியூட்டேன், எளிதில் தீப்பற்றும் வாயு. தெர்மோஸ்டாட், கதவு பல்பு, ரிலே போன்றவற்றைப் பிளக்கைக் கழற்றிவிட்டு மாற்றலாம். குழாய்ப் பக்கம் சூடும் நெருப்பும் கொண்டு போகவே கூடாது. ஃப்ரீஸரில் பனியைக் கத்தியால் குத்தி எடுப்பதும் அதே காரணத்தால் ஆபத்து, குழாயில் ஓட்டை விழுந்தால் வாயு வீட்டுக்குள் பரவும்.

மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், சீலிங் ஃபேன், எல்.இ.டி பல்பு, டிவி பவர் போர்டு, இன்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றைக் கவனமாக இருந்தால் வீட்டில் பார்க்கலாம்.

உட்காரும் இடமும் ஆளும்

காய்ந்த மர மேசை, நல்ல வெளிச்சம், கீழே காய்ந்த தரை. காலில் ரப்பர் செருப்பு கட்டாயம். மொசைக் தரையிலும் சிமென்ட் தரையிலும் வெறுங்காலோடு உட்கார்ந்து வேலை பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம். இந்த வேலைக்கு அது ஆகாது, தரை வழியாகக் கரண்ட் இறங்க நம் உடலே பாதையாகிவிடும். மோதிரம், வாட்ச், காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். குனியும்போது சங்கிலி போர்டின் மேல் விழுவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

தனியாக வீட்டில் இருக்கும்போது மின்சாரம் பாயும் சாதனத்தில் வேலை செய்ய வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரிய வேண்டியதில்லை. மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எதைக் கீழே தள்ள வேண்டும் என்று மட்டும் தெரிந்தால் போதும். வேலை தொடங்கும் முன் அதை ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். சின்னக் குழந்தைகள் அந்த அறையில் இருக்கக் கூடாது. சுவிட்சைத் தட்டி விளையாடுவது அவர்களுக்குப் பிடித்த வேலை.

வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இல்லையென்றால், ரிப்பேர் வேலையைத் தொடங்கும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்து அதைப் போடச் சொல்லுங்கள். ஃபேஸில் போகும் கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்ட்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் வந்தால், அதாவது கொஞ்சம் கரண்ட் உங்கள் வழியாகத் தரைக்கு இறங்கினால், நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்தில் துண்டித்துவிடும். சாதாரண எம்.சி.பி இதைச் செய்யாது. அது வயரையும் வீட்டையும் காப்பாற்ற வைத்தது, அதன் அளவுக்கு மேல் (6 ஆம்பியர் எம்.சி.பி என்றால் 6 ஆம்பியருக்கு மேல்) போனால்தான் அதற்கு உறைக்கும். ஆனால் ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டால் ஆர்.சி.சி.பிக்கும் தெரியாது. அதன் கண்ணுக்கு நீங்கள் ஒரு பல்பு போலத்தான். சார்ஜ் ஆன கெப்பாசிட்டரைத் தொட்டாலும் அது காப்பாற்றாது.

கருவிகளில் அதிகம் செலவழிக்க வேண்டியது மல்டிமீட்டருக்குத்தான். மலிவான மஞ்சள் மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே கிடையாது. சிவப்புப் புரோப் (மீட்டரின் அளக்கும் முனை) அந்தத் துளையில் இருக்கும்போது தெரியாமல் பிளக் பாயிண்டில் வைத்து வோல்டேஜ் பார்த்தால் அது நேரடி ஷார்ட், கையிலேயே வெடிக்கும். ஒவ்வொரு முறையும் புரோப் எந்தத் துளையில், குமிழ் எந்த அளவில் என்று பார்த்த பிறகே முனையை வையுங்கள். மீட்டரின் மேல் கேட் 2 (CAT II) அல்லது கேட் 3 (CAT III) என்ற தரமும் வோல்டேஜும் அச்சிட்டிருக்கும். பிளக்கில் செருகும் சாதனங்களுக்குக் கேட் 2 போதும், டிஸ்ட்ரிபியூஷன் போர்டில் அளக்கக் கேட் 3 வேண்டும்.

நியான் டெஸ்டரை நம்பிக் கை வைக்காதீர்கள். அது எரிய உங்கள் உடல் வழியாகத் தரைக்குச் சிறு கரண்ட் போக வேண்டும். மர ஏணியில் ரப்பர் செருப்போடு நின்றால், கரண்ட் இருந்தும் எரியாமல் போகலாம். பக்கத்து வயரின் தூண்டலால், ஒன்றும் இல்லாத வயரில் மங்கலாக எரியவும் செய்யும்.

மின்சாரத்தைத் துண்டிப்பது

பிளக் உள்ள சாதனம் என்றால் பிளக்கைப் பிடுங்கிக் கண்ணில் படும் இடத்தில் மேசை மேல் வையுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. நம் சுவிட்ச் போர்டுகளில் ஒரு வயரைத்தான் சுவிட்ச் துண்டிக்கிறது. அது ஃபேஸாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் வயரிங் செய்தவர் மாற்றிப் போட்டிருந்தால் சுவிட்ச் நியூட்ரலைத் துண்டிக்கும், சாதனம் அணைந்தது போல் இருக்கும், ஃபேஸ் உள்ளேயே காத்திருக்கும். இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினாலும் இதே கதைதான்.

சீலிங் ஃபேன், ரெகுலேட்டர் போன்றவற்றில் பிளக் கிடையாது. எம்.சி.பியைக் கீழே தள்ளுங்கள். ரெகுலேட்டரைப் பூஜ்யத்தில் வைப்பது அணைப்பது ஆகாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் உள்ள ஃபேனுக்கும் லைட்டுக்கும் பேட்டரியிலிருந்து 230 வோல்ட் போய்க்கொண்டே இருக்கும். இன்வெர்ட்டரை மட்டும் அணைத்தால் பல மாடல்களில் மெயின் கரண்ட் அதன் வழியாக நேராகப் போய்விடும். இரண்டையும் அணைக்க வேண்டும். கூரையில் சோலார் இருந்தால் அதன் சுவிட்சையும் சேர்த்து அணையுங்கள். அணைத்த எம்.சி.பியின் மேல் டேப் ஒட்டி ‘வேலை நடக்கிறது’ என்று எழுதி வைத்தால், வெளியிலிருந்து வருபவர் “என்ன, டிரிப் ஆகிவிட்டதா?” என்று தூக்கிவிட மாட்டார்.

கரண்ட் கட் ஆன நேரத்தைப் பயன்படுத்தி ஃபேன் மாட்டுவதும் ஹோல்டர் மாற்றுவதும் பலர் செய்யும் வேலை. கரண்ட் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

அளந்து உறுதி செய்வது, சார்ஜை வடிப்பது

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால், இந்தப் பகுதியைப் படியுங்கள்.

டிவி, மானிட்டர், எல்.இ.டி டிரைவர், சார்ஜர், கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ் (பவர் சப்ளை), பி.எல்.டி.சி ஃபேன் என எல்லாவற்றிலும் உள்ளே வந்த 230 வோல்ட்டை முதலில் டிசியாக மாற்றி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிரப்புகிறார்கள். 230 வோல்ட்டின் உச்சம் 325 என்பதால் கெப்பாசிட்டரில் பெரும்பாலும் நிற்பது அந்த அளவு. மோட்டாரை நிறுத்தினாலும் மாடித் தொட்டியில் தண்ணீர் நிற்பது போல, பிளக்கைப் பிடுங்கினாலும் அது அப்படியே நிற்கும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிவியைப் பிடுங்கினால் கெப்பாசிட்டரில் உள்ளதை டிவியே சில நொடிகளில் இழுத்துக் காலி செய்துவிடும். உயிரில்லாமல் கிடக்கும் டிவி அப்படி இழுக்காது. ஐ.சி போயிருக்கும், ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர் உள்ளே அறுந்திருக்கும், கெப்பாசிட்டரை வடிக்க வழியே இருக்காது. பிடுங்கி வெகு நேரம் ஆன பிறகும் முழு 325 வோல்ட்டும் அதில் இருக்கலாம். அதாவது உங்கள் மேசைக்கு ரிப்பேருக்கு வரும் போர்டுதான், ஓடும் போர்டைவிட ஆபத்தானது.

220 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரில் 325 வோல்ட்டில் சுமார் 11.6 ஜூல் ஆற்றல் இருக்கிறது. இதயம் வழியாகப் பாய்ந்தால் ஆபத்தான அளவு. கை உதறி பின்னால் உள்ள அலமாரியில் மோதிக் காயம் படுவதும் உண்டு.

வடிக்கும் முறை இது:

1. பிளக்கைப் பிடுங்குங்கள். மூடியைக் கழற்றும்போது போர்டைத் தொடாமல் ஓரங்களைப் பிடியுங்கள்.
2. மல்டிமீட்டரை முதலில் ஒரு உயிருள்ள பிளக் பாயிண்டில் வைத்து 230 காட்டுகிறதா என்று பாருங்கள். மீட்டர் வேலை செய்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.
3. குமிழை 600 அல்லது 1,000 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு கையால் மட்டும், பெரிய கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் அளவு பாருங்கள்.
4. வோல்ட் இருந்தால் 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் நன்றாக இன்சுலேஷன் உள்ள வயரும் புரோபும் பொருத்தி, கெப்பாசிட்டர் கால்களில் ஐந்து நொடி வைத்திருங்கள். 220 மைக்ரோ ஃபாரட்டுக்கு இரண்டரை நொடியே போதும்.
5. மறுபடி அளந்து பாருங்கள். ஓரிரு வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும்.
6. ஒரு நிமிடம் கழித்து இன்னொரு முறை அளந்து பாருங்கள். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரில் வடித்த பிறகும் கொஞ்சம் வோல்ட் தானாக மீண்டு வரும்.
7. கடைசியாக மீட்டரைப் பழையபடி பிளக் பாயிண்டில் வைத்து, அது இன்னும் சரியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

ஸ்க்ரூ டிரைவரால் இரு கால்களையும் ஷார்ட் செய்வது பல கடைகளில் நடக்கும் வழக்கம்தான். பெரிய பொறி பறக்கும், உருகிய உலோகத் துளி கண்ணில் தெறிக்கலாம், போர்டின் செப்புத் தடம் உரிந்துபோகும், ஓடக்கூடிய கெப்பாசிட்டரும் கெட்டுவிடும். ரெசிஸ்டர் கிடைக்கவில்லை என்றால், ஹோல்டரில் மாட்டிய பழைய குண்டு பல்பின் இரு வயர்களைக் கொண்டு வடிக்கலாம். பளிச்சென்று ஒரு மின்னல் காட்டி அணையும்.

சாதாரண சீலிங் ஃபேனில் உள்ள கெப்பாசிட்டர் 2.5 அல்லது 3.15 மைக்ரோ ஃபாரட்தான். அதன் ஷாக் சின்னது. ஆனால் நீங்கள் நிற்பது ஸ்டூலின் மேல். கீழே விழுவதுதான் அங்கே உண்மையான ஆபத்து, அதனால் அதையும் வடித்துவிட்டே கழற்றுங்கள். இன்வெர்ட்டர் வகை வாஷிங் மெஷின் போர்டுகளிலும் பெரிய கெப்பாசிட்டர் உண்டு.

அளவு தவறாகப் புரியும் இரண்டு சாதனங்கள்

எல்.இ.டி பல்பு ரிப்பேர் இன்று பலர் வீட்டிலிருந்தபடியே செய்யும் சிறுதொழில். 9 வாட் பல்புதானே, என்ன செய்துவிடும் என்று நினைக்கிறோம். பெரும்பாலான பல்புகளில் டிரைவருக்கும் மெயினுக்கும் இடையே தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. அதாவது உள்ளே தெரியும் ஒவ்வொரு சின்ன எல்.இ.டியின் காலும் மெயின் கரண்ட்டோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது. மேல்மூடியைக் கழற்றிவிட்டு, ஹோல்டரில் எரியவிட்டு, ட்வீசரால் ஒவ்வொரு எல்.இ.டியையும் ஷார்ட் செய்து போனதைக் கண்டுபிடிக்கும் முறையை நிறையப் பேர் சொல்லித் தருகிறார்கள். அது உலோக ட்வீசரை மெயின் லைனில் வைப்பதற்குச் சமம். பல்பைக் கழற்றி, கெப்பாசிட்டரை வடித்து, எல்.இ.டி டெஸ்டரால் பாருங்கள். அந்த டெஸ்டர்களிலும் சில 300 வோல்ட் வரை தரக்கூடியவை, முனைகளைக் கையால் தொடாதீர்கள்.

இன்டக்‌ஷன் அடுப்பு இன்னும் ஏமாற்றும். பட்டன் போர்டில் ஓடுவது 5 வோல்ட்டும் 18 வோல்ட்டும்தான். ஆனால் பொதுவாக அந்த 5 வோல்ட்டின் கிரவுண்டே (பூஜ்ய வோல்ட் பக்கம்) மெயினோடு இணைந்திருக்கிறது. மீட்டரில் 5 காட்டும், தரையில் நிற்கும் உங்களுக்கோ மெயின் கரண்ட் தாக்கும். அடுப்பைத் திறந்து வைத்து, பட்டன் போர்டைக் கையில் பிடித்துக்கொண்டு பவர் போட்டுப் பார்ப்பது இதனால்தான் கொல்லும் வேலை. ஓடும்போது சுருளின் பக்கத்தில் உள்ள கெப்பாசிட்டரிலும் ஐ.ஜி.பி.டியிலும் (சுருளின் கரண்ட்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் பாகம்) வோல்டேஜ் 1,000 வரை எகிறும், சாதாரண மீட்டர் புரோபை அங்கே கொண்டு போகாதீர்கள். அளக்க வேண்டியவற்றையெல்லாம் பவர் இல்லாமலே அளந்து விடலாம்: ஃபியூஸ், பிரிட்ஜ் டயோடு, ஐ.ஜி.பி.டி ஷார்ட். இந்த அடுப்புகளில் அதிகம் போவதும் இவைதான்.

டிவி பவர் போர்டில் மெயின் பக்கமும் தனிமைப்பட்ட பக்கமும் பிரிந்திருக்கும், பல போர்டுகளில் கோடு போட்டே காட்டியிருப்பார்கள். தனிமைப்பட்ட பக்கம் என்றாலும் பேக்லைட்டுக்குப் போகும் வயரில் 100 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கலாம்.

பழுது நீக்கிய பின் முதல் பவர்

பாகத்தை மாற்றியதும் நேராகப் பிளக்கில் செருகிவிடாதீர்கள். சீரிஸ் லேம்ப் போர்டு ஒன்று செய்துகொள்ளுங்கள்: ஒரு 100 வாட் குண்டு பல்பு, ஃபேஸ் வயரில் தொடராக, அதன் பிறகு ஒரு சாக்கெட். பல்பு வழியாக அதிகபட்சம் 0.43 ஆம்பியர்தான் போகும். போர்டில் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், அதோடு போகும். சரியாக இருந்தால் ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கிவிடும். எல்.இ.டி பல்பு எங்கும் வந்துவிட்டதால் குண்டு பல்பு கிடைப்பது அருகிவருகிறது, கிடைக்கும்போது இரண்டு வாங்கி வையுங்கள்.

சீரிஸ் லேம்ப் உங்கள் சாதனத்தைத்தான் காப்பாற்றும், உங்களை அல்ல. 0.43 ஆம்பியர் என்றால் 430 மில்லி ஆம்பியர். மேலே சொன்ன 30 மில்லி ஆம்பியரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் முறை பவர் போடும்போது முகத்தைப் போர்டுக்கு நேராக வைக்காதீர்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். தலைகீழாக மாட்டிய எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் சில நொடிகளில் வெடிக்கும். உயிருள்ள நிலையில் அளந்தே ஆக வேண்டும் என்றால், பவர் இல்லாதபோது கறுப்புப் புரோபைக் கிளிப்பால் மாட்டிவிட்டு, பவர் போட்டு, சிவப்புப் புரோபை ஒரு கையால் மட்டும் வையுங்கள். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். கரண்ட் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் பாதை நெஞ்சு வழியாகத்தான் போகிறது.

ஃபியூஸ் போயிருந்தால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். செப்புக் கம்பி சுற்றி ஓட்டுவது அடுத்த பழுதைத் தீயாக மாற்றும். பக்கத்தில் உலர் பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானோ ஒரு வாளி காய்ந்த மணலோ இருக்கட்டும்.

பேட்டரிகள்

உப்பிய மொபைல், லேப்டாப், பவர் பேங்க் பேட்டரியை அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், கத்தியால் நெம்பாதீர்கள். லித்தியம் பேட்டரி பற்றினால் வரும் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும், அந்த அறையில் நிற்கவே கூடாது. உப்பியதைச் சார்ஜ் போடாமல், மணல் நிரப்பிய உலோக டப்பாவில் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்துவிட்டு மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட்தானே என்பவர்களுக்கு: ஷாக் அடிக்காது, ஆனால் ஸ்பேனர் இரு முனைகளிலும் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பேனர் செக்கச்செவேலென்று பழுக்கும், கையில் மோதிரம் இருந்தால் அதுவும்தான். நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியாக மாட்டுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும், பக்கத்தில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் வேண்டாம். கண்ணில் ஆசிட் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

சால்டரிங் பற்றிச் சுருக்கமாக. ஈயம் கலந்த சால்டரைத் தொட்ட கையோடு சாப்பிடாதீர்கள், சாப்பாட்டு மேசையில் சால்டர் வைக்காதீர்கள். ஃபிளக்ஸ் புகை ஆஸ்துமாவைத் தூண்டும், ஒரு சின்ன ஃபேனால் புகையை முகத்திலிருந்து விலக்கிவிடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் முன்

அயர்ன் பாக்ஸ், கிரைண்டர், ஃபிரிட்ஜ் போன்ற உலோக உடல் சாதனங்களில் எர்த்தைச் சரி பார்க்காமல் மூடாதீர்கள். பிளக்கின் பெரிய பின்னுக்கும் உலோக உடலுக்கும் இடையே 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். அப்புறம் மற்ற இரு பின்களுக்கும் உடலுக்கும் இடையே மின்தடை பாருங்கள். 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) இருந்தால் சிறப்பு, 1 மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. மல்டிமீட்டரில் ஏதாவது ஒரு அளவு காட்டினாலே சந்தேகப்படுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னில் செருக எர்த் பின்னை வெட்டியிருந்தால் புதுப் பிளக் போடுங்கள். ஈரக் கையோடு மாவு தள்ளும் கிரைண்டருக்கு எர்த்தும் ஆர்.சி.சி.பியும்தான் காவல். மூடி மாட்டியபின் பத்து இருபது நிமிடம் கூடவே இருந்து ஓட்டிப் பாருங்கள், எரிந்த வாடை வருகிறதா, எங்கேயாவது சூடேறுகிறதா என்று.

ஷாக் அடித்துவிட்டால்

ஆளை இழுக்கப் போகாதீர்கள், தொட்டால் உங்களையும் பிடிக்கும். மெயினை அணையுங்கள், அல்லது பிளக்கைப் பிடுங்குங்கள். இரண்டும் முடியாவிட்டால் மட்டும், காய்ந்த மரக்கட்டையால் அல்லது பிளாஸ்டிக் நாற்காலியால், காய்ந்த இடத்தில் செருப்போடு நின்று, வயரைத் தள்ளிவிடுங்கள். 108-ஐ அழைக்க யாரையாவது சொல்லுங்கள்.

மூச்சும் அசைவும் இல்லை, அல்லது விட்டுவிட்டுத் திணறும் மூச்சுதான் வருகிறது என்றால், காத்திருக்காமல் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம், கை ஓய்ந்தால் இன்னொருவர் தொடரட்டும். மயங்கிக் கிடப்பவருக்குத் தண்ணீர், சோடா எதுவும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். தீக்காயத்தில் பற்பசையோ மையோ தடவாமல், மின்சாரம் முழுதாகத் துண்டிக்கப்பட்ட பிறகு இருபது நிமிடம் குளிர்ந்த ஓடும் நீரில் காட்டுங்கள்.

எழுந்து உட்கார்ந்து “ஒன்றும் இல்லை, லேசாகத்தான் அடித்தது” என்று சொல்வார்கள். நினைவு ஒரு கணம் தப்பியிருந்தாலோ, நெஞ்சு வலி, படபடப்பு இருந்தாலோ, கரண்ட் கையிலிருந்து மறு கைக்குப் போயிருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ஈ.சி.ஜி எடுத்துப் பாருங்கள். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரியும் தீக்காயத்துக்குப் பின்னால் உள்ளே தசை ஆழமாக வெந்திருக்கலாம், அடுத்த நாள் சிறுநீர் கறுப்பாகப் போனால் அதுவும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறி.